இன்று இசையில்: தினசரி பாட்டு நாட்காட்டி தயாரிப்பது எப்படி

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் பகுதி சமுதாய வானொலியில் எனக்கு ஆறு நிமிடம் உண்டு. இன்று யாருடைய பிறந்த நாள், யாருடைய நினைவு நாள், எந்தப் படம் இதே நாளில் வெளிவந்தது என்று ஒரு நிமிடம் சொல்லிவிட்டு, மீதி நேரத்துக்கு ஒரு பாட்டுப் போடுவோம். அதற்கு முன்பு மெல்லிசைக் குழுக்களில் அறிவிப்பாளராக இருந்தவன் நான். ஆடித் திருவிழா மேடையில் கரண்ட் போய்த் திரும்பி வருகிற வரைக்கும் கூட்டத்தைப் பேசியே உட்காரவைத்த ஆள். இப்போது பள்ளிக்கூடத்துக்கு, குடியிருப்போர் சங்கத்துக்கு, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு என்று இதே மாதிரி ஒன்றைச் செய்ய நினைக்கிறவர்கள் வழி கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தேதி கிடைத்துவிட்டது என்பதற்காக அது நாட்காட்டியில் ஏறிவிடக் கூடாது. அந்தத் தேதி ஒரு குறிப்பிட்ட பாட்டைப் போடுவதற்குக் காரணமாக இருக்க வேண்டும். “இன்று இன்னாருக்குப் பிறந்த நாள், இதோ அவருடைய பாடல்களில் ஒன்று” என்பது அறிவிப்பே இல்லை. அதைக் கைபேசியே சொல்லிவிடும்.

வாலியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது 1931 அக்டோபர் 29. அன்றைக்கு அவர் எழுதிய பாட்டுகளில் எதைப் போட்டாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நான் போடுவது கண்ணதாசன் எழுதிய பாட்டு: 1962-ல் வந்த ‘சுமைதாங்கி’ படத்தின் ‘மயக்கமா கலக்கமா’. சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றிருந்த சமயத்தில், பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடிக்காட்டிய அந்தப் பாட்டுதான் தன்னை நிறுத்தியது என்று வாலியே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பாட்டு மட்டும் இல்லாவிட்டால் அதற்குப் பிறகு வாலி எழுதிய பாட்டு எதுவுமே நமக்கு இல்லை. இதைச் சொல்லிவிட்டுப் போட்டால், நூறு தடவை கேட்டவர்களும் அன்றைக்குக் காது கொடுத்துக் கேட்பார்கள். செப்டம்பர் 22 ஸ்ரீநிவாஸின் பிறந்த நாள். ஜூன் 24 கண்ணதாசன், எம்.எஸ்.விஸ்வநாதன் இருவருக்கும் பிறந்த நாள். அந்த இரண்டு நாளிலும் இதே பாட்டைப் போட நியாயம் இருக்கிறது. ஆனால் அது அக்டோபர் 29-க்கு ஒதுக்கப்பட்டுவிட்டது, மற்ற நாளில் தொடமாட்டேன்.

நோட்டா, கணினியா?

இரண்டும் வைத்துக்கொள்ளலாம். கணினியில் என்றால் ஒரு விரிதாள் போதும். மாதம், நாள், ஆண்டு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். முழுத் தேதியாக ஒரே கட்டத்தில் அடித்தால், வரிசைப்படுத்தும்போது அது ஆண்டுவாரியாக அடுக்கிவிடும். நமக்கு வேண்டியது ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையிலான வரிசை. இன்னொரு தொல்லையும் இருக்கிறது: 1900-க்கு முந்தைய நாளை எக்செல் தேதியாகவே ஏற்காது. பாபநாசம் சிவன் பிறந்தது 1890 செப்டம்பர் 26. அதை அப்படியே அடித்தால் வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு வரிசையில் வேறெங்கோ கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

அப்புறம் பெயர், என்ன நடந்தது, எங்கே பார்த்தேன், எந்தப் பாட்டு என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டம் காலியாக இருக்கிற வரிசை எதுவும் ஒலிபரப்புக்குப் போகாது. என் தாளில் பாதிக்கு மேல் அப்படித்தான் காத்திருக்கின்றன. இருக்கட்டும், அவசரம் இல்லை.

தேதியை எங்கே பிடிப்பது?

பிறந்த நாளைவிடப் படம் வெளியான நாள் சுலபம், ஏனென்றால் அதற்கு நாளிதழ் விளம்பரம் இருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்களைக் கேட்டுப் பார்க்கலாம். ரோஜா முத்தையாவில் சினிமாப் பாட்டுப் புத்தகங்களின் நல்ல சேகரிப்பும் இருக்கிறது. தியேட்டர் வாசலில் விற்ற அந்தச் சின்னப் புத்தகங்கள் பாட்டு வரிகளுக்கு உதவும், தேதிக்கு உதவாது. இசைத்தட்டு உறையிலும் அப்படித்தான்: வட்டத்துக்குள் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் ஆண்டும் இருக்கும், நாள் இருக்காது. படத்தின் தொடக்கத்தில் காட்டும் தணிக்கைச் சான்றிதழில் தேதி இருக்கும். ஆனால் அது சான்றிதழ் கொடுத்த நாள். படம் அதற்கு முன்பு வந்திருக்க முடியாது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நாளிதழ்ச் செய்தியைப் படிக்கும்போது, அது காலைப் பத்திரிகையா மாலைப் பத்திரிகையா என்று பாருங்கள். காலைப் பத்திரிகையில் “நேற்று காலமானார்” என்றிருக்கும்; மாலைப் பத்திரிகையில் “இன்று”. இந்த ஒரு நாள் வித்தியாசம் அப்படியே புத்தகங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. விளம்பரத்திலும் “நாளை முதல்” என்பதைக் கவனிக்காமல் அன்றைய தேதியையே எழுதிவைத்தவர்கள் உண்டு.

நூறாவது நாள் போஸ்டர் கிடைத்தால் பின்னோக்கி எண்ணலாம். வெளியான நாளே முதல் நாள் என்பதால் 99 நாள்தான் கழிக்க வேண்டும். மே 14-ல் வந்த படத்துக்கு நூறாவது நாள் ஆகஸ்ட் 21. ஆனால் விழாவை வசதிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியிருப்பார்கள், ஆகவே இதைத் துப்பு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழமையைப் பார்ப்பது நான் விடாமல் செய்கிற சோதனை. ‘அன்னக்கிளி’ வந்த 1976 மே 14, வெள்ளிக்கிழமை. ‘உயர்ந்த மனிதன்’ வந்த 1968 நவம்பர் 29-ம் வெள்ளிதான். சரி, பொருந்துகிறது. ‘ரோஜா’வின் 1992 ஆகஸ்ட் 15 சனிக்கிழமையாயிற்றே என்றால், அது சுதந்திர தினம். ‘ஹரிதாஸ்’ வெளியான 1944 அக்டோபர் 16 ஒரு திங்கட்கிழமை. தீபாவளி என்பதால் திங்கள். பண்டிகையும் இல்லாமல் விடுமுறையும் இல்லாமல் ஒரு படம் செவ்வாய்க்கிழமை வந்ததாக யாராவது எழுதியிருந்தால், இன்னொரு ஆதாரம் கிடைக்கும் வரை அதை நான் தொடுவதில்லை. ‘கொலவெறி’ மட்டும் புதன்கிழமை வந்தது, 2011 நவம்பர் 16. அது யூடியூப்; அதற்கு ஏது வெள்ளிக்கிழமை!

இணையத்தில் பத்துப் பக்கங்கள் ஒரே தேதியைச் சொன்னால் பத்து ஆதாரம் ஆகிவிடாது. வாசகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே எழுத்துப்பிழை எல்லாவற்றிலும் இருந்தால், எல்லாம் ஒரே இடத்திலிருந்து எடுத்து ஒட்டியவை. கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே தமிழ்ப் படங்களின் விவரங்களைப் படம் படமாகச் சேகரித்து வைத்தவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். இன்று இணையத்தில் உலவும் பல பட்டியல்களுக்கு அவர் உழைப்புதான் அடிப்படை. அவருடைய நினைவு நாள் மார்ச் 21 (2016). அதையும் என் நாட்காட்டியில் வைத்திருக்கிறேன். அவர் பாடவில்லை, இசையமைக்கவில்லை, ஆனாலும் அவர் இல்லாமல் என் ஆறு நிமிடம் இல்லை.

ஒருவருக்கு இரண்டு பிறந்த நாள்

பழைய தலைமுறைக்காரர்களிடம் இது சர்வ சாதாரணம். பள்ளியில் சேர்க்கும்போது வயது எட்டவில்லை என்றால் தலைமையாசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொள்வார். வீட்டில் கேட்டால் மாதமும் நட்சத்திரமும்தான் சொல்வார்கள். ஆண்டு தெரிந்தால் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை வைத்துத் தேதியைக் கண்டுபிடிக்கலாம். ஒரே மாதத்தில் அந்த நட்சத்திரம் இரண்டு முறை வந்திருந்தால் மறுபடியும் சிக்கல்தான். தியாகராஜ பாகவதரின் பிறந்த நாளாகவே ஒன்றுக்கு மேற்பட்ட தேதிகள் புழங்குகின்றன. அதனால் அவருக்கு நான் நினைவு நாளை, அதாவது நவம்பர் 1-ஐ (1959) எடுத்துக்கொண்டேன். இறப்பைப் பத்திரிகை பதிவு செய்திருக்கும். பிறந்தபோது அவர் யாரென்று பத்திரிகைக்கு எப்படித் தெரியும்?

ஆண்டில் மட்டும் சந்தேகம் என்றால் ஆண்டைச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான். டி.எம்.சௌந்தரராஜனுக்கு மார்ச் 24 என்பதில் தகராறு இல்லை. சில இடங்களில் 1922 என்றும் சில இடங்களில் 1923 என்றும் போடுகிறார்கள். “மதுரையில் பிறந்தார்” என்று சொல்லிப் பாட்டுக்குப் போய்விடுவேன்.

இளையராஜாவின் கதை வேறு. அவர் பிறந்தது 1943 ஜூன் 3, கொண்டாடுவது ஜூன் 2. ஜூன் 3 கலைஞர் கருணாநிதியின் பிறந்த நாள். இசைஞானி என்ற பட்டத்தைத் தந்தவர் அவர். அந்த நாளை மக்கள் அவருக்கே கொண்டாடட்டும் என்று இளையராஜா தன் கொண்டாட்டத்தை ஒரு நாள் முன்னே நகர்த்திக்கொண்டார். இதில் எது சரி என்று ஆராய வேண்டியதில்லை. வாழ்த்தை ஜூன் 2-ல் சொல்லுங்கள், காரணத்தையும் அன்றைக்கே சொல்லுங்கள். ஜூன் 4 எஸ்.பி.பாலசுப்ரமணியம் (1946). ஆக அந்த வாரம் உங்களுக்குக் கவலை இல்லை.

நள்ளிரவும் கடல் கடந்த நேரமும்

ஏ.ஆர்.ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கியது 2009 பிப்ரவரி 22. நாம் தொலைக்காட்சியில் பார்த்தது 23-ம் தேதி, திங்கட்கிழமை காலை. “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று அவர் மேடையில் தமிழில் சொன்னபோது லாஸ் ஏஞ்சலிஸில் இன்னும் ஞாயிறுதான். மைக்கேல் ஜாக்சன் இறந்தது 2009 ஜூன் 25 பிற்பகல் 2.26, அதே நகரத்தில். நமக்கு அது 26-ம் தேதி அதிகாலை மூன்று மணிக்கு நாலு நிமிடம் முன்பு. ஜான் லெனன் நியூயார்க்கில் சுடப்பட்ட 1980 டிசம்பர் 8 இரவு, இங்கே ஏற்கெனவே 9-ம் தேதி விடிந்திருந்தது.

நான் வைத்திருக்கும் விதி: எங்கே நடந்ததோ அந்த ஊர்த் தேதிதான். சொல்லும்போது “நம் நேரப்படி மறுநாள் காலை” என்று சேர்த்துக்கொள்வேன். ஒரே ஒரு விதிவிலக்கு பாரதி. 1921-ல் அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி, கடிகாரக் கணக்கில் செப்டம்பர் 12. நினைவு நாளாக 11-ஐயே நெடுங்காலம் அனுசரித்து வருகிறோம். சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள் என்பது நம் பழைய கணக்கு. சினிமாவில் பாரதி பாட்டுக்குப் பஞ்சமில்லை என்பதால் அவரும் என் நாட்காட்டியில் உண்டு, 11-ம் தேதிப் பக்கத்தில்.

விருதுகளில் வேறொரு குழப்பம். பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவர் பி.சுசீலா, ‘உயர்ந்த மனிதன்’ படத்தின் ‘பால் போலவே’ பாட்டுக்காக. 1968-ம் ஆண்டுக்கான விருது அது. 1968-ல் விருது வாங்கினார் என்று எழுதக் கூடாது. படமே அந்த ஆண்டு நவம்பர் கடைசியில்தான் வந்தது.

நெரிசலான நாளும் வெறும் நாளும்

ஜூலை நடுவில் மூச்சு முட்டும். 12 நா.முத்துக்குமார் பிறந்த நாள், 13 வைரமுத்து பிறந்த நாள், 14 எம்.எஸ்.வி. நினைவு நாள், 18 வாலி நினைவு நாள். நான்கையும் ஒரே பாணியில் சொன்னால் கேட்கிறவருக்கு அலுப்புத் தட்டிவிடும். முத்துக்குமார் நாளில் நான் முதலில் நாலு வரியை இசையில்லாமல் வாசித்துவிட்டுப் பாட்டுக்குப் போவேன். எம்.எஸ்.வி.க்கு அவரே பாடிய பாட்டு. அந்தக் குரலுக்கு முன்னால் பேச்சு எதற்கு? ஜனவரி 8-ல் எல்விஸ் பிரெஸ்லியும் (1935) ஹாரிஸ் ஜெயராஜும் (1975). எங்கள் நேயர்களுக்கு ஹாரிஸ்தான். கல்லூரிக்குச் செய்கிறவர்கள் இரண்டு பேரையும் வைத்து விளையாடலாம்.

அக்டோபர் 16 அனிருத்தின் பிறந்த நாள் (1990). ஒலிபரப்பாவது ஹரிதாஸ். அனிருத் பாட்டு நாள் முழுக்க எங்காவது கேட்கும். பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படத்தின் பாட்டை வேறு யார் போடப்போகிறார்கள்? படம் அங்கே ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் நாயகன் பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போய்விட்டார். ஒரு நிமிடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்.

வெறும் நாள்களுக்கு நான் வானொலியையே நாடுகிறேன். சென்னை நிலையம் 1938 ஜூன் 16, திருச்சி 1939 மே 16, விவித் பாரதி 1957 அக்டோபர் 3, கொழும்பு 1925 டிசம்பர் 16. கொழும்பைச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கண்ணே வேறு மாதிரி ஆகிவிடும். 1950-களில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தபோது, இலங்கை வானொலியைத் திருப்பிக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். படங்களும் கைகொடுக்கும்: முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31. அப்படியும் ஒன்றும் இல்லாத நாளில் “இன்று விசேஷம் எதுவுமில்லை, ஆனால் இந்தப் பாட்டு நன்றாக இருக்கும்” என்று சொல்லியிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

வாத்தியக்காரர்களை விட்டுவிடாதீர்கள். வயலின், தபேலா, கிடார் வாசித்தவர்களின் பெயர் பெரும்பாலும் எந்த உறையிலும் இருக்காது. குடும்பத்தாரிடம் கேட்டால் சந்தோஷமாகத் தேதி சொல்வார்கள். ஒலிபரப்பலாமா என்று அப்போதே அனுமதியும் கேட்டுவிடுங்கள்.

முழு எண் ஆண்டுகளை முன்கூட்டியே குறித்துவைப்பது நல்லது. கண்ணதாசன் பிறந்தது 1927, எம்.எஸ்.வி. 1928. ஒரே ஜூன் 24-ல் அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு நூற்றாண்டு நிறைவு, 2027-லும் 2028-லும். நம் ஊரில் நூற்றாண்டைத் தொடக்கத்தில் ஒரு முறை, நிறைவில் ஒரு முறை என்று கொண்டாடுவதால், எதைச் சொல்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2013-ஐத் தனியாக வட்டமிட்டு வைத்திருக்கிறேன்: ஏப்ரல் 14 பி.பி.ஸ்ரீநிவாஸ், 17 டி.கே.ராமமூர்த்தி, மே 25 டி.எம்.எஸ்., ஜூலை 18 வாலி. நூறு நாளுக்குள் நான்கு பேர். எந்த ஆண்டு அதன் முழு எண் நினைவு ஆண்டாக வருகிறதோ, அந்த ஆண்டு அந்த மூன்று மாதத்தைக் கவனமாகத் திட்டமிட வேண்டியிருக்கும்.

எழுதுவதும் படிப்பதும்

ஒரு நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொல் போதும். அதில் மூன்று ஆண்டு எண்ணுக்கு மேல் வந்தால் காதில் நிற்காது. மறைந்தவருக்கு “பிறந்த நாள் வாழ்த்துகள்” சொல்லாதீர்கள். “இன்று அவர் பிறந்த நாள்” என்றாலே போதும். இருக்கிறவர்களுக்கு எழுதி வைத்த வாழ்த்தை, படிக்கப்போகும் காலையில் செய்தியைப் பார்த்த பிறகே படியுங்கள். நினைவு நாளுக்குச் சோகப் பாட்டுத் தேட வேண்டாம். மலேசியா வாசுதேவன் நாளில் (பிப்ரவரி 20) துள்ளலான பாட்டு ஒன்றைப் போடுங்கள், அதுதான் அவருக்கு மரியாதை. பாட்டுக்கு உரிமம் வேண்டும் என்பதை நிலையத்தார் பார்த்துக்கொள்வார்கள்; சமூக ஊடகத்தில் போடுகிறவர்கள் முழுப் பாட்டை ஏற்றாமல், உரிமையாளரின் அதிகாரப்பூர்வ இணைப்பைக் கொடுத்துவிடுவது வம்பில்லாதது.

செப்டம்பர் 30-க்கு நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

“வணக்கம். இன்று செப்டம்பர் 30. ஆர்.கே.சேகர் என்ற பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். சென்னையில் வசித்தவர். 1976-ல் இதே நாளில் காலமானார். அப்போது அவருடைய மகன் திலீப்புக்கு ஒன்பது வயது. அப்பா விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் நடந்தது. அந்தக் கருவிகளோடு வளர்ந்த திலீப்தான் பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான். மகன் பாட்டை நாம் தினமும் கேட்கிறோம். இன்றைக்கு அப்பாவின் பாட்டு. 1964-ல் வந்த ‘பழசிராஜா’, அவர் இசையமைத்த முதல் படம். ‘சொட்ட முதல் சுடல வரே’ என்று தொடங்கும்.”

நிதானமாகப் படித்தால் ஐம்பது வினாடி வரும். மீதமிருக்கும் பத்து வினாடியில் ஒன்றும் பேசாமல் பாட்டை ஆரம்பித்துவிடுங்கள்.